இதயமும் இரைச்சலும்

கதை எழுதுகிறவர்கள் இதயத்தைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதை உருக்கியிருக்கிறோம், உடைத்திருக்கிறோம், களவு கொடுத்திருக்கிறோம், கல்லாக்கியும் இருக்கிறோம். தொடர்கதையின் இருபதாவது அத்தியாயத்தில் கதாநாயகியின் இதயத்தைப் படபடவென்று அடிக்க வைத்து, 'தொடரும்' என்று போட்டுவிட்டு, அடுத்த வாரம் வரையில் வாசகர்களின் இதயத்தையும் சேர்த்து அடிக்க வைத்திருக்கிறோம். ஆனால் அந்த இதயம் எதனால் அடிக்கிறது என்பதற்கு எந்தத் தொடர்கதையிலும் ஓர் அத்தியாயம் ஒதுக்கியதாக எனக்கு நினைவில்லை. காதலால் அடிக்கிறது, பயத்தால் அடிக்கிறது என்பதோடு எங்கள் சாஸ்திரம் முடிந்துவிடுகிறது.

உண்மையில் அது மின்சாரத்தால் அடிக்கிறது. இதயத்தின் வலது மேலறையில், மேல் மூலையில், ஒரு சிறு தசைக்கூட்டம் இருக்கிறது. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிஷத்துக்கு 60, 70 தடவை அது ஒரு மின் துடிப்பை எழுப்பி அனுப்புகிறது. அந்தத் துடிப்பு மேலறைகளில் பரவி, நடுவில் ஒரு சாவடியில் கணநேரம் தங்கி, பிறகு கீழறைகளுக்கு இறங்குகிறது. கீழறைகள் சுருங்குகின்றன, ரத்தம் ஓடுகிறது. நாம் பிறப்பதற்கு முன்பே தொடங்கி, கடைசி நாள் வரையில் ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் நடக்கிற உத்தியோகம் இது.

சில பேருக்கு வயதானதும் அந்த நடுச் சாவடியில் பாதை அறுந்துபோகிறது. மேல்மாடியில் எஜமானர் ஒழுங்காகக் கட்டளையிட்டுக் கொண்டுதான் இருப்பார். கீழ்த்தளத்து வேலைக்காரர்கள் காதில் அது விழாது. அவர்கள் தங்கள் சௌகரியப்படி நிமிஷத்துக்கு 30, 40 என்று மெதுவாக வேலை பார்ப்பார்கள். எப்போதாவது சில விநாடிகள் அதையும் நிறுத்திவிடுவார்கள். அந்தச் சில விநாடிகளில் மனிதர் கண் இருண்டு, நின்ற இடத்திலேயே விழுந்துவிடுகிறார்.

என் அக்கா அப்படித்தான் விழுந்தாள். அவளுக்கு அப்போது வயது 74. கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். 'இருக்கிறாள்' என்று சொல்வது சரியில்லை. அந்த வீட்டை நடத்துகிறாள். குறிப்பாக மாவு இலாகா முழுக்க அவள் கையில். செவ்வாயும் வெள்ளியும் விடிவதற்கு முன்பே எழுந்து கிரைண்டரில் இட்லிக்கு மாவாட்டுவாள். தன் வீட்டுக்கு மட்டுமல்ல. எதிர் வீட்டில் தனியாக இருக்கும் கிழவருக்கு ஒரு கிண்ணம், கைக்குழந்தைக்காரிக்கு ஒரு கிண்ணம், வேலைக்குப் போகும் அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு ஒரு தூக்குப் போசி. அந்தத் தெருவில் அக்காவுக்கு இருந்த மரியாதையில் பாதி, உளுந்து பதத்தால் வந்த மரியாதை.

விழுந்தவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நாடித் துடிப்பு 34. இரண்டு நாளில் இடது தோள்பட்டைக்குக் கீழே, தோலுக்கு அடியில், பேஸ்மேக்கர் என்கிற கருவியை வைத்துத் தைத்துவிட்டார்கள். தீப்பெட்டியைவிடச் சற்று அகலமான, வழவழப்பான உலோகப் பெட்டி அது. எடை 30 கிராமுக்குள். அதிலிருந்து மெல்லிய கம்பிகள் ரத்தக் குழாய் வழியாக இறங்கி இதயத்தின் உட்சுவரைத் தொடுகின்றன. அறுந்துபோன பாதைக்குப் பதிலாக இது ஒரு புதுப் பாதை. ஐந்தாம் நாள் அக்கா நடந்தே வீட்டுக்கு வந்தாள். முகத்தில் பழைய களை வந்திருந்தது.

வந்தபின்தான் உபத்திரவம் ஆரம்பமாயிற்று.

உடம்புக்குள் ஒரு மின்சாரக் கருவி இருக்கிறது. ஆகவே வெளியே இருக்கிற மின்சாரக் கருவி எதுவும் கிட்டே வரக்கூடாது என்று குடும்பத்தில் ஒரு முடிவு செய்தார்கள். இந்த முடிவுக்கு ஆதாரம், அடுத்த தெருக்காரர் சொன்னது, செல்போனில் யாரோ யாருக்கோ அனுப்பியது, மாப்பிள்ளை வீட்டார் கேள்விப்பட்டது ஆகியவைதான். டி.வி. இருக்கும் அறைக்குள் போகக்கூடாது. மிக்ஸி ஓடினால் சமையலறையை விட்டு வெளியேற வேண்டும். செல்போனைத் தொடக்கூடாது, பேத்தி வெளியூரிலிருந்து கூப்பிட்டால் வேறு யாராவது பேசி, சாராம்சத்தைச் சொல்வார்கள். கிரைண்டர்? அதைப் பற்றிப் பேச்சே எடுக்கக்கூடாது. முன்கூடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, அக்காவைக் கொலுப்பொம்மை மாதிரி உட்கார்த்தி வைத்துவிட்டார்கள்.

நான் பார்க்கப் போயிருந்தபோது, "பாருங்க தம்பி, உசுரைக் குடுத்துட்டாங்க, ஊட்டைப் புடுங்கிக்கிட்டாங்க" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் ஐம்பது வருஷமாக ஓயாமல் உழைத்த இரண்டு கைகள் மடியில் சும்மா கிடந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், டி.வி.யை ஒதுக்கி வைத்த அதே வாரத்தில், உறவினர் ஒருவர் மிகுந்த பிரியத்தோடு ஒரு காந்தப் படுக்கையை வாங்கி வந்தார். ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று விற்கிறார்களே, அந்த ரகம். நல்லவேளையாக, "எனக்கு என் கோரைப்பாயே போதுங்க" என்று அக்கா அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். டி.வி.யினால் அவளுக்கு ஒரு கெடுதலும் வந்திருக்காது. அந்தப் படுக்கைதான் அவள் பக்கத்திலேயே வந்திருக்கக்கூடாத பொருள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

குடும்பத்தார் பயந்ததைப் பற்றி நான் பரிகாசம் செய்வதாக நினைக்க வேண்டாம். அந்தப் பயத்துக்கு நியாயமான ஒரு பூர்வகதை உண்டு.

இப்போது அக்காவின் தோளுக்குள் ஒளிந்திருக்கும் கருவி, 1950-களில் ஒரு மேஜைமேல் உட்கார்ந்திருந்தது. அதற்குச் சுவரிலிருந்து மின்சாரம் வர வேண்டும். அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்தில் வால்ட்டன் லில்லஹை என்ற அறுவை வைத்தியர் குழந்தைகளின் இதயத்தைத் திறந்து குறைகளைச் சரிசெய்து வந்தார். சில குழந்தைகளுக்குச் சிகிச்சைக்குப் பின் இதயத்துடிப்பு தடுமாறும். ஒரு மெல்லிய கம்பியை இதயத்தோடு சேர்த்து, மறுமுனையை மேஜைக் கருவியில் பொருத்தி வைப்பார். குழந்தையின் உலகம் அந்த வயரின் நீளம்தான். 1957 அக்டோபர் 31-ஆம் தேதி அந்த நகரத்தில் மின்சாரம் நின்றுபோயிற்று. சுவரை நம்பிய இதயங்கள் என்ன ஆகும் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அந்த ஆஸ்பத்திரியின் கருவிகளை ரிப்பேர் பார்த்துக் கொண்டிருந்த ஏர்ல் பாக்கென் என்ற இளைஞரிடம், சுவரை நம்பாத கருவி ஒன்று வேண்டும் என்று லில்லஹை கேட்டார். சங்கீதம் பழகுகிறவர்களுக்குத் தாளம் தட்டிக் காட்டுகிற ஒரு மின்கருவியின் வரைபடம் ஒரு பத்திரிகையில் வந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு நான்கே வாரத்தில், பேட்டரியில் ஓடும் ஒரு சிறு பெட்டியைப் பாக்கென் செய்து கொடுத்தார்.

மறு வருஷம், 1958 அக்டோபர் 8-ஆம் தேதி, ஸ்வீடனில் ஓகெ சென்னிங் என்ற வைத்தியர், ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற எஞ்சினியர் செய்த கருவியை முதன்முதலாக ஒரு மனிதரின் உடம்புக்குள்ளேயே வைத்துத் தைத்தார். அந்த மனிதர் ஆர்னே லார்சன்; வயது 43. ஒரு நாளில் இருபது முப்பது தடவை மயங்கி விழுந்து கொண்டிருந்தவர். விடாமல் வற்புறுத்தி அவர்களைச் செய்ய வைத்தவர் அவருடைய மனைவி. கருவியை வார்ப்பதற்குக் காலணிப் பாலிஷ் டப்பா ஒன்றுதான் அச்சாக உதவியது என்று சொல்வார்கள். அந்த முதல் கருவி சில மணி நேரத்திலேயே நின்றுவிட்டது, இன்னொன்றை வைத்தார்கள். லார்சன் அதற்குப் பிறகு 43 வருஷம் உயிரோடு இருந்தார். கருவியைச் செய்தவரும் அதை வைத்துத் தைத்தவரும் காலமான பிறகு, 2001-ல், தம் 86-ஆவது வயதில், இதயத்தோடு சம்பந்தமில்லாத ஒரு வியாதியால் இறந்தார். அதற்குள் அவர் உடம்பில் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் மாறி மாறி வேலை பார்த்திருந்தன.

இங்கேதான் நான் மிகவும் ரசித்த விஷயம் வருகிறது. அந்த ஆதிகாலத்துக் கருவிகள் எல்லாம் முழுச் செவிடு. இதயம் தானாகத் துடிக்கிறதா, இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. கடிகாரம் மாதிரி, நிமிஷத்துக்கு இத்தனை என்று தட்டிக்கொண்டே இருக்கும். செவிடாக இருந்ததால் ஒரு சௌகரியம்: வெளியே எவ்வளவு மின்சார இரைச்சல் இருந்தாலும் அதன் காதில் விழாது. ஆனால் ஓர் ஆபத்தும் இருந்தது. இதயம் தானாகத் துடித்து, அடுத்த துடிப்புக்குத் தயாராகிக் கொண்டிருக்கும் நுட்பமான கணத்தில் இதுவும் வந்து தட்டினால், எப்போதாவது தாளம் அடியோடு குலைந்துபோகும்.

1960-களில் பரூ பெர்கோவிட்ஸ் என்ற எஞ்சினியர் கருவிக்குக் காது வைத்தார். அதன்பின் அது முதலில் கேட்கும். ஒரு விநாடி பொறுக்கும். அதற்குள் இதயம் தானே துடித்தால் பேசாமல் இருந்துவிடும். துடிக்காவிட்டால் மட்டுமே தட்டி எழுப்பும். நல்ல மாமியார் மாதிரி: மருமகள் செய்தால் குறுக்கிடுவதில்லை, செய்யாவிட்டால் தானே செய்துவிடுவது.

ஆனால் காது என்று ஒன்று வந்துவிட்டால், ஏமாறவும் இடம் வந்துவிடுகிறது. இதயத்தின் குரல் மிகவும் மெல்லியது. ஒரு வோல்ட்டை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்குக்கு மில்லிவோல்ட் என்று பெயர். கருவியின் காதில் விழும் இதயத்தின் குரல் சில மில்லிவோல்ட்தான். நம் வீட்டுச் சுவரில் ஓடுவதோ 230 வோல்ட். கிசுகிசுப்பைக் கேட்பதற்காகக் கூர்மையாக்கிய காதில், ஊர் இரைச்சலில் ஒரு சிறு துளி விழுந்தால், "ஓஹோ, இதயம் துடிக்கிறது" என்று கருவி நினைத்துக் கொள்ளும். நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். தானே துடிக்கும் சக்தியுள்ள இதயமானால் பாதகமில்லை. கருவியை மட்டுமே நம்பியிருக்கும் இதயமானால், அந்த மௌனம் நீடிக்கிற ஒவ்வொரு விநாடியும் ஆபத்துதான்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் மைக்ரோவேவ் அடுப்பு இருக்கும் சாப்பாட்டுக் கடைகளில், பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு எச்சரிக்கை என்று போர்டு மாட்டி வைத்தார்களாம். போர்டுகள் போய்விட்டன, அவை கிளப்பிய பயம் மட்டும் ஊர் ஊராக வந்து, அக்காவின் முன்கூடத்து நாற்காலி வரையில் சேர்ந்துவிட்டது. இதற்கிடையில் எஞ்சினியர்கள் சும்மா இருக்கவில்லை. கருவியை டைட்டானியம் உலோகத்தால் மூடி முத்திரை வைத்தார்கள். இதுவே பெரிய கவசம். இதயத்தின் குரல் எந்த ரகம், வெளி இரைச்சல் எந்த ரகம் என்று பிரித்துப் பார்க்கும் வடிகட்டிகளை உள்ளே வைத்தார்கள். கம்பியின் நுனியிலேயே இரண்டு மின்முனைகளை அருகருகே வைத்தார்கள்; சந்தைக்கடையில் பேசுகிறவரின் வாயருகே காதைக் கொண்டுபோய் வைத்துக் கேட்பது போல.

ஆகவே, முதல் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா குடும்பத்தாரின் ஜாபிதாவைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "டி.வி. பார்க்கலாம், மிக்ஸி போடலாம், மாவாட்டலாம். கருவிகள் ரிப்பேர் இல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் காதில் வாங்கவில்லை. அக்கா காதில் 'மாவாட்டலாம்' என்பது மட்டும் விழுந்தது. அடுத்த வெள்ளிக்கிழமையே கிரைண்டர் ஓடிற்று. தெருவில் கிண்ணங்கள் பழையபடி போய் வந்தன.

மூன்று மாதம் கழித்து அடுத்த பரிசோதனை. அன்றைக்கு நானும் உடன் போயிருந்தேன். இந்தக் காலத்துப் பேஸ்மேக்கருக்குக் காது மட்டுமல்ல, ஞாபகசக்தியும் உண்டு. விபரீதமாக ஏதாவது கேட்டால், தேதியும் நேரமும் போட்டுக் குறித்து வைத்துக்கொள்ளும். டாக்டரம்மா அக்காவின் தோள்மேல் ஒரு சிறு சாதனத்தை வைத்து, எதிரே இருந்த திரையில் அந்தக் குறிப்புகளைப் படித்துக்கொண்டே வந்தார். சட்டென்று நிறுத்தினார். திரையில் இதயத்தின் துடிப்புகள் வரிசையாகக் கோபுரம் கோபுரமாக நின்றன. ஓரிடத்தில் மட்டும் கோபுரங்களுக்கு நடுவே நெருக்கமாகப் புல் முளைத்த மாதிரி கோடுகள். அந்தப் புல் முளைத்த இடத்தில் ஒரு கோபுரம் வர வேண்டிய நேரத்தில் வரவேயில்லை.

"அம்மா, செவ்வாய், வெள்ளியிலே காலம்பர அஞ்சரை மணி வாக்கிலே நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. "சாமி கும்புடுவேனுங்க" என்றாள்.

"இல்லீங்களே அத்தை, அது மாவாட்டற நேரமல்லங்க?" என்றாள் மருமகள்.

"அந்த நேரத்திலே தலை சுத்துதுங்களா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அப்பப்போ கண்ணைக் கட்டிட்டு வருமுங்க. ரெண்டு எண்ணறதுக்குள்ளே சரியாப் போயிருமுங்க. சொன்னா மறுபடியும் நாற்காலியிலே உக்கார வெச்சிருவாங்களேன்னுதான்..."

யாரும் பேசவில்லை. என் மருமகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மூன்று மாதமாக வாரத்துக்கு இரண்டு நாள், ஓடுகிற கிரைண்டர் முன்னால் கண் இருட்டக் குனிந்து நின்றிருக்கிறாள். ஒரு விநாடி இரண்டு விநாடியாக நீண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சொல்லாமல் மறைத்தது யார் தப்பு? நாற்காலியில் உட்கார்த்தி வைத்தவர்கள் எல்லோரும் அவள்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள்தான். ஆனால் அந்தப் பிரியத்துக்கு அவள் பயந்துபோய்விட்டாள். தலைசுற்றலைவிட அந்த நாற்காலிதான் அவளுக்குப் பெரிய வியாதியாகத் தோன்றியிருக்கிறது.

டாக்டரம்மா முதலில் கம்பி எங்காவது முறிந்திருக்கிறதா என்று சோதித்தார். இல்லை. பிறகு அந்தப் புல்லைப் பெரிதாக்கி எண்ணிக் காட்டினார். விநாடிக்கு 50. "நம்ம ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 தடவை அலையடிக்கிறது. இது உங்கள் இதயத்தின் கையெழுத்து இல்லை. உங்கள் வீட்டுச் சுவரின் கையெழுத்து. எங்கேயோ கரண்ட் கசிகிறது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள்" என்றார். அதுவரையில் அந்தக் கிரைண்டர் பக்கம் போக வேண்டாம் என்றும் கண்டிப்பாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்த எலெக்ட்ரீஷியன் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். கிரைண்டர் இருந்தது புறக்கடை ஓரத்தில். அங்கே பிளக் வசதி இல்லாததால் சமையலறையிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியை இழுத்திருந்தார்கள். அவர் டெஸ்டரைக் கிரைண்டரின் உடம்பில் வைத்தார். அது மினுக்கென்று எரிந்தது. பெட்டியைத் திருப்பிப் பிரித்தார். "பாருங்க சார், மேலே ஓட்டை மூணு இருக்குது. உள்ளே வர்ற ஒயரு ரெண்டுதான். எர்த்தே இல்லீங்க" என்றார்.

மருமகள் அப்போதுதான் சொன்னாள்: "தொட்டாச் சுருக்குங்குமுங்க. அதனாலே நான் செருப்புப் போட்டுக்கிட்டுத்தான் தொடுவேன். கிரைண்டர்னாலே அப்படித்தானேங்க?"

அக்கா செருப்புப் போடுகிறவள் அல்ல. சமையல் காரியம் செய்யும் இடத்தில் செருப்பு என்பது அவள் அகராதியில் கிடையாது. தண்ணீர் தெளித்த சிமெண்டுத் தரை, வெறுங்கால், ஈரக் கை. மோட்டாரிலிருந்து கசிந்த மின்சாரம் எர்த் கம்பி வழியாகப் பூமிக்குப் போக வழியில்லாமல் அக்காவைக் கம்பியாக்கிக்கொண்டு போயிருக்கிறது. மருமகளுக்குச் சுருக்கென்று தைக்கும் கசிவு, இதயத்துக்குள் காது வைத்திருக்கும் கருவிக்குப் பேரிரைச்சல். நாம் உணராத அளவுக்குக் கசிந்தால்கூட அதற்குக் கேட்கக்கூடும்.

இன்னொரு சங்கதியையும் டாக்டரம்மா பின்னால் விளக்கினார். இந்தக் கருவிகளுக்கு ஒரு புத்தி சொல்லி வைத்திருக்கிறார்களாம்: விடாமல் இரைச்சல் கேட்டால், "இது இதயமாக இருக்க முடியாது" என்று தீர்மானித்து, கேட்பதை நிறுத்திவிட்டு, பழைய செவிட்டுக் கருவி மாதிரித் தன்பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த வகையில் விடாத இரைச்சல்கூட அவ்வளவு மோசமில்லை. விட்டு விட்டு வரும் இரைச்சல்தான் ஏமாற்றிவிடும். மாவாட்டும்போது அக்கா என்ன செய்வாள்? ஓரத்தில் ஏறும் மாவை நொடிக்கொரு தரம் உள்ளே தள்ளிவிடுவாள். தொடுவாள், கையை எடுப்பாள், மறுபடியும் தொடுவாள்.

காந்தப் படுக்கையின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். காந்தம் கிட்டே வந்தால் கேட்பதை நிறுத்திவிட்டு ஒரே வேகத்தில் தட்ட வேண்டும் என்று பேஸ்மேக்கருக்குள் ஓர் ஏற்பாடு இருக்கிறது. வைத்தியர்கள் சோதிப்பதற்காக வைத்த ஏற்பாடு. அதை ராத்திரி முழுவதும் முதுகுக்கு அடியில் போட்டுக்கொண்டு தூங்குவது, வைத்தியர் இல்லாமல் நாமே வைத்தியம் பார்ப்பதற்குச் சமானம். சில புது ரகச் செல்போன்களிலும் பலமான காந்தம் இருக்கிறது. போனில் பேசலாம், ஆனால் கருவியிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். மறுபக்கத்துக் காதில் வைத்துப் பேச வேண்டும். சட்டைப் பையில் மட்டும் போடக்கூடாது. இண்டக்ஷன் அடுப்பென்றால் 60 சென்டிமீட்டர், அதாவது இரண்டடி, தள்ளி நிற்பது நல்லது. கோயில் வாசலிலும் விமான நிலையத்திலும் இருக்கும் சோதனை வாசல்களை நிற்காமல் கடந்து போய்விட வேண்டும். கைக்கருவியை நெஞ்சுமேல் பிடிக்க வேண்டாம் என்று, கருவிக்காகக் கொடுத்திருக்கும் அட்டையைக் காட்டிச் சொல்லிவிட வேண்டும். ஆர்க் வெல்டிங் மாதிரி வேலை பார்க்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டறைக்குத் திரும்பக்கூடாது. பெரும்பாலும் எல்லாம் இரண்டே விதிகளில் அடங்குகிறது: தூரம் இருக்கட்டும், நேரம் குறையட்டும்.

வீட்டைவிட ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் ஆஸ்பத்திரிதான். அறுவை சிகிச்சையில் மின்சாரத்தால் சதையை வெட்டும் கருவி, ஸ்கேனில் பெரிய காந்தத்தால் படம் பிடிக்கும் யந்திரம், முழங்கால் வலிக்குக் 'கரண்ட் வைக்கிறது' என்று நம் ஊரில் சொல்கிறோமே, அது. இவற்றில் சிலவற்றை முன்னேற்பாட்டோடு செய்யலாம். சிலவற்றைச் செய்யவே கூடாது. எது எப்படி என்று தெரிந்தவர் டாக்டர். சொல்ல வேண்டியவர் நோயாளி. இதயம் தாறுமாறாகத் துடித்தால் அதிர்ச்சி கொடுத்து நேராக்கும் இன்னொரு கருவி இருக்கிறது. 1980-ல் அமெரிக்காவில் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தினார்கள். அதை வைத்திருப்பவர்களுக்கு எர்த் விஷயத்தில் இன்னும் அதிக ஜாக்கிரதை வேண்டும். இரைச்சலை இதயத்தின் கோளாறு என்று அது நினைத்துக்கொண்டால், விழித்திருக்கிற மனிதருக்கே அதிர்ச்சி கொடுத்துவிடும்.

எலெக்ட்ரீஷியன் அன்றைக்கே மூன்று கம்பி ஒயரில் புது லைன் இழுத்து, புறக்கடையிலேயே ஒரு பிளக் வைத்தார். எர்த் குழி காய்ந்து கிடந்தது. கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். கசிவு வந்தால் தானே அறுத்துவிடும் ஸ்விட்ச் ஒன்றை மெயின் போர்டில் மாட்டினார். கிரைண்டரின் மோட்டார் ரிப்பேருக்குப் போய் வந்தது. செலவெல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், கட்டிலுக்கு அடியில் கிடந்த காந்தப் படுக்கையின் விலையில் பாதிகூட ஆகவில்லை. டாக்டரம்மா மறுபடி சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுமதி கொடுத்தார். அடுத்த முறை கருவியின் ஞாபகப் புத்தகத்தில் புல் முளைக்கவில்லை. ஒரு நிபந்தனைக்கு அக்காவும் உடன்பட்டாள்: கிரைண்டருக்கு என்று தனியாக ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. அது வேறு எங்கும் போகாது. ஆகவே மடியானது என்று அவளே ஒரு தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள்.

இதையெல்லாம் யோசிக்கும்போது எனக்குப் படுவது இதுதான். அந்த வீட்டில் பயத்துக்குக் குறைவில்லை. எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பொருள்கள் மேல் போயிற்று. பளபளவென்று ஓடும் டி.வி.யைக் கண்டு பயந்தார்கள். கூவுகிற செல்போனைக் கண்டு பயந்தார்கள். இல்லாமற்போன ஒரு கம்பியைக் கண்டு பயப்பட யாருக்கும் தோன்றவில்லை. தொட்டால் சுருக்கென்று அடிப்பதை எல்லோரும் வருஷக்கணக்காக அறிந்திருந்தார்கள். அது அந்த வீட்டு வழக்கங்களில் ஒன்றாகிவிட்டது. உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே ஆளும் அவர்களுடைய பயத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டாள். கடைசியில் உண்மையைச் சொன்னது, யாரிடமும் பயமில்லாத ஓர் உலோகப் பெட்டி.

உங்கள் வீட்டிலும் அம்மாவோ, மாமியாரோ, அத்தையோ இப்படி ஒரு கருவியோடு இருக்கலாம். அவர்களை நாற்காலியில் உட்கார்த்தி வைக்காதீர்கள். தலை சுற்றுகிறது என்று அவர்கள் சொன்னால், "அப்போதே சொன்னேனே" என்று ஆரம்பிக்காதீர்கள். ஆரம்பித்தால் அடுத்த தடவை சொல்ல மாட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்யுங்கள். மூன்று முனைப் பிளக்கில் மேலே தடித்து நீண்டு நிற்கிறதே ஒரு முனை, அது எல்லாவற்றுக்கும் முன்னால் உள்ளே போய்த் தொடுவதற்காகத்தான் அப்படி நீண்டிருக்கிறது. அது உள்ளே போய் எதையாவது தொடுகிறதா என்று ஒரு எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்துவிடுங்கள். கிரைண்டர், வாஷிங் மெஷின், வாட்டர் ஹீட்டர் மூன்றையும் முதலில் பாருங்கள். அரைமணி நேர வேலைதான்.